எந்தப் பண்ணை வீடு சார்?

போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் ஒரு லேப்ரடார் வந்து நின்றது. கழுத்தில் பட்டை இல்லை. ஆனால், பட்டை இருந்த இடத்தில் முடி தேய்ந்து வளையமாகத் தடம் தெரிந்தது. தெருநாய்களுக்குப் பயந்து இஸ்திரி வண்டிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். வெள்ளைக் கார் ஏதாவது வந்து நின்றால் மட்டும் எழுந்து ஓடும். கதவைத் திறந்து இறங்குகிறவரின் முகத்தைப் பார்க்கும். மறுபடி வந்து படுத்துக்கொள்ளும்.

எல்லோரும் ‘ஐயோ பாவம்’ என்றார்கள். பிஸ்கெட் போட்டார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். ‘எந்தப் படுபாவி விட்டுட்டுப் போனானோ’ என்று அதற்குக் கீழே நாற்பது பேர் கண்ணீர் விட்டார்கள்.

செக்யூரிட்டி பெரியவர்தான் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “சார், இது சி பிளாக்ல இருந்தாங்களே, ரெண்டு மாசம் முன்னாடி காலி பண்ணிட்டுப் போனவங்க... அவங்க வீட்டு நாய் மாதிரி இருக்கு சார். அவங்க கார்கூட வெள்ளைதான்.”

சி பிளாக்காரரின் நம்பர் என்னிடம் இருந்தது. போன் போட்டேன். ரொம்ப அன்பாகத்தான் பேசினார். “சேச்சே, எங்க நாயை ஒரு பண்ணை வீட்டுக்குக் கொடுத்துட்டோமே. அங்க ராஜா மாதிரி ஓடியாடிட்டு இருக்கு. இது வேற நாயா இருக்கும்.”

“எந்தப் பண்ணை வீடு சார்?”

“அது... செங்கல்பட்டு தாண்டி... ஒரு மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேனே.”

அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. முழுசாகக் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. இதே பண்ணை வீட்டுப் பொய்யை நானும் ஒருமுறை தயார் பண்ணி வைத்திருந்தவன்தான்.

*

2021 ஆகஸ்ட். என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. ஆன்லைன் கிளாஸ் என்ற பெயரில் செல்போனுக்குள் அடைந்து கிடந்தாள். ‘நாய்க்குட்டி வேணும்ப்பா’ என்று அவள் ஆரம்பித்தபோது, செல்போனைவிட நாய் தேவலை என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடசென்னையில் ஒரு சந்துக்குப் போனோம். இரும்புக் கூண்டில் ஏழெட்டுக் குட்டிகள். அதில் வெண்ணெய் நிறத்தில் ஒன்று, தூக்கத்திலேயே எதையோ சப்புக்கொட்டி மென்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான். குடும்பத்தோடு விழுந்தோம்.

“எத்தனை நாள் குட்டிங்க?”

“நாப்பத்தஞ்சு நாள் சார்.”

“அம்மா நாயைப் பாக்கலாமா?”

“அது வேற ஊர்ல, பண்ணையில இருக்கு சார்.”

“பில்லு?”

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

நான் பி.காம். படித்தவன். மிக்ஸி ஜார் வாங்கினால்கூட வாரன்டி கார்டில் கடை முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவன். அன்றைக்கு 12,000 ரூபாயை எண்ணிக் கொடுத்து, ஓர் உயிரை அட்டைப்பெட்டியில் வைத்து, துண்டுச்சீட்டுகூட இல்லாமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். பெயர் ‘பூந்தி’. மகள் வைத்தது.

மறுநாள் கால்நடை டாக்டரிடம் போனோம். அந்த அம்மா குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். “நாப்பத்தஞ்சு நாளா? கடைவாய்ப் பல்லே இன்னும் சரியா வரலையே. முப்பது, முப்பத்தஞ்சு நாள் இருந்தா அதிகம். இன்னும் பால் குடிக்கிற குழந்தை சார் இது” என்றார். கடைக்காரர் கொடுத்த தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். ஸ்டிக்கர் இருந்தது. போட்ட டாக்டரின் கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை.

இந்த வியாபாரத்துக்குச் சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் என்றே மத்திய அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி போடவைத்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாய் நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். 8 வயதுக்கு மேல் ஈன வைக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈற்று, வாழ்நாளில் 5 ஈற்று, அதற்கு மேல் கூடாது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அந்தச் சந்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே போய்ப் பாருங்கள்.

அதென்ன 8 வாரக் கணக்கு? குட்டி தன் கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றது ‘கீ’ என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அம்மாவும் ஒரு அதட்டல் போடும். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்தாவது வாரமே பிடுங்கிக்கொண்டு வந்தால், பாக்கிப் பாடத்தை அது நம் குழந்தையின் கையில்தான் படிக்கும். பிறகு ‘நாய் கடிக்குது’ என்று நாயைத்தான் திட்டுவோம்.

*

ஐந்தாம் நாள் பூந்தி சாப்பிடவில்லை. ராத்திரி வாந்தி. விடிகாலையில் ரத்தத்தோடு பேதி. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். டாக்டர் பரிசோதனை செய்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். “பார்வோ.”

1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய வைரஸ் இது. குடல் சுவரை அரித்துவிடும். கூடவே ரத்த வெள்ளை அணுக்களையும் காலி பண்ணும். நேராக வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் பார்த்துக்கொண்டு, குட்டியின் உடம்பே போராடி ஜெயிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிகிச்சை கொடுக்காமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் செத்துப்போகும். நோய் வெளியே தெரிய 3 முதல் 7 நாள் ஆகும். அதாவது, நான் காசு கொடுத்தபோதே பெரும்பாலும் பெட்டிக்குள் நாயும் இருந்தது, நோயும் இருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதை மறந்து. அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. “அதுக்கு எதுக்கு சார் செலவு பண்றீங்க? போயிடுச்சின்னா சொல்லுங்க, வேற பீஸ் மாத்திக் குடுத்துடறேன்.”

நியாயமான வியாபாரி என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அதே வீட்டுக்கு, தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்தால் அதற்கும் இதே கதிதான். அந்த ‘பீஸ்’ போனால் அடுத்த ‘பீஸ்’.

என் மகள் ஒன்றும் பேசவில்லை. அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. ராத்திரி மட்டும் கேட்டாள். “அப்பா, எனக்கு உடம்பு சரியில்லன்னா?”

பூந்தி பிழைத்தது. ஆறு நாள் சலைன். 18,000 ரூபாய்ச் சொச்சம். வாங்கின விலையைவிட ஒன்றரை மடங்கு.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்லவனாகவே இருந்திருப்பேன். கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கக் கூடாது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. பால்கனியில் பேப்பர் போட்டோம். பூந்தி அந்தப் பேப்பரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் போனது. ஹால், சமையலறை, என் லேப்டாப் பை. ராத்திரி 11 மணிக்கு ஓர் ஊளை, 2 மணிக்கு ஒன்று, 4 மணிக்கு ஒன்று. கீழ் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் வந்து, “தூங்கினீங்களா சார்?” என்று நலம் விசாரித்தார். அவர் கண் சிவந்திருந்தது.

யோசனை சொல்லத்தான் எத்தனை பேர்! ‘பேப்பரைச் சுருட்டி ரெண்டு போடுங்க.’ ‘போன இடத்துலயே மூக்கை வெச்சுத் தேய்ங்க, அப்பத்தான் புத்தி வரும்.’ இரண்டையும் செய்து பார்த்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். புத்தி வரவில்லை. என்னைக் கண்டால் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அங்கே ஒண்ணுக்குப் போகக் கற்றுக்கொண்டது. அவ்வளவுதான் பலன்.

டாக்டர் ஒரு சின்னக் கணக்கு சொன்னார். குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். அதுவே அதிகபட்சம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போய் விட வேண்டும். சரியான இடத்தில் போனால் உடனே கொஞ்ச வேண்டும். தப்பான இடத்தில் போனால் வாயை மூடிக்கொண்டு துடைக்க வேண்டும். “குட்டிக்கு டிரெய்னிங் எதுவும் இல்ல சார். உங்களுக்குத்தான்” என்றார். இரண்டு வாரம் அலாரம் வைத்து அப்படிச் செய்தோம். முக்கால்வாசி சரியாகிவிட்டது.

அப்புறம் பல். குட்டிக்குப் பால் பல் 28. நாலாவது மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக விழுந்து, ஏழாவது மாதத்துக்குள் 42 பல் முளைத்துவிடும். ஈறு ஊறும், எதையாவது கடித்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ‘எதையாவது’: நான்கு ஜோடிச் செருப்பு, டீப்பாயின் இரண்டு கால், மகளின் சயின்ஸ் ரெக்கார்டு நோட்டு, என் மனைவியின் ஆபீஸ் ஹேண்ட்பேக். அந்த ஹேண்ட்பேக்குக்குள்தான் வீட்டுச் சாவியும் இருந்தது.

ஏழாவது மாதத்தில் அது 24 கிலோ. வாக்கிங் போனால் நான் அதைக் கூட்டிப் போகிறேனா, அது என்னை இழுத்துப் போகிறதா என்று தெருவில் பந்தயம் கட்டலாம். ஒருநாள் பால்காரப் பையன் மேல் பாசத்தில் பாய்ந்து, பால் அத்தனையும் படிக்கட்டில். அசோசியேஷனில் புகார். அன்று ராத்திரி நான் சொன்னேன்.

“பேசாம ஒரு பண்ணை வீட்டுக்குக் கொடுத்துடலாம். அங்க ஃப்ரீயா ஓடியாடிட்டு இருக்கும். நம்ம சுயநலத்துக்காக ஃபிளாட்ல அடைச்சு வெச்சிருக்கோம்.”

எவ்வளவு அழகான வாக்கியம் பாருங்கள். நாயைத் துரத்துகிற வாக்கியம், ஆனால் கேட்டால் நாய்மேல் கருணை சொட்டும்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மகள் மட்டும் நோட்டும் பேனாவும் எடுத்து வந்தாள். “அட்ரஸ் சொல்லுப்பா. லீவுல போய்ப் பாத்துட்டு வரலாம்.”

அட்ரஸ் என்னிடம் இல்லை. ‘மதுராந்தகம் பக்கம் ஒரு இடம் இருக்கு’ என்று சொன்ன ஆபீஸ் நண்பரிடம் மறுநாள் கேட்டேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“என்ன சார், அட்ரஸ் எல்லாம் கேட்டுக்கிட்டு? ஹைவேஸ்ல போனா நிறைய தோப்பு இருக்கு. பக்கத்துல ஓட்டல் இருக்கிற எடமாப் பாத்து எறக்கி விட்டுட்டு வந்துடணும். மிச்சம் மீதி போடுவான். ரெண்டு பேக்கெட் பிஸ்கெட் பிரிச்சுப் போட்டுட்டா, அது சாப்ட்டு நிமிர்றதுக்குள்ள வண்டிய எடுத்துடலாம். எங்க ஜிம்மியை அப்படித்தான் விட்டோம்.”

எங்க ஜிம்மி! மூன்று வருஷம் வளர்த்த நாய். அவர் செல்போனில் வால்பேப்பராக வைத்திருந்த நாய். ‘பண்ணை வீட்டுல ஜாலியா இருக்கு’ என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்த நாய்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பூந்தி வழக்கம்போல மேலே ஏறி விழுந்தது. அட்ரஸ் கிடைக்கவில்லை என்று மகளிடம் சொன்னேன். அவள் நோட்டை மூடினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

*

இனி நேராகவே சொல்கிறேன்.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். நமக்குத் தெரிந்த எத்தனை பேருடைய நாய்கள் பண்ணை வீட்டுக்குப் போயிருக்கின்றன! அத்தனையும் நிஜமாகப் போயிருந்தால் தாம்பரம் தாண்டியதிலிருந்து திண்டிவனம் வரைக்கும் பண்ணை வீடுகள் மட்டும்தான் இருக்க வேண்டும். குட்டி வருவதும் ஊர் பேர் தெரியாத ஒரு பண்ணையிலிருந்து. நாய் போவதும் ஊர் பேர் தெரியாத ஒரு பண்ணைக்கு. நடுவில் கொஞ்ச காலம் நம் வீட்டில் வாடகைக்கு.

இப்படி நடுரோட்டில் விடுவது குற்றம். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. பிரிவு 11, வளர்க்கும் பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவதைக் குற்றம் என்கிறது. தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவை என்றால் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரைக்கும் அபராதம். 1960-ல் போட்ட தொகை. நண்பர் ஜிம்மிக்குப் போட்ட பிஸ்கெட்டுக்கே அதைவிட அதிகம் ஆகியிருக்கும்.

தெருநாய்ப் பிரச்னை 2025-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பெரிய விவாதமானது. பிடித்து அடை என்று ஒரு கட்சி, தொடாதே என்று ஒரு கட்சி. அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகிற ஒரு கேள்வி உண்டு. வீட்டு நாயைத் தெருநாய் ஆக்குவது யார்? கருத்தடை செய்யாமல் தெருவில் விட்ட ஒரு நாய், அடுத்த வருஷம் எத்தனை நாய்? தெருநாய் வேண்டாம் என்று மனு எழுதுகிற கையும், காரில் கொண்டுபோய் இறக்கி விடுகிற கையும் சில சமயம் ஒரே கைதான்.

“சூழ்நிலை சார், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, குழந்தை பிறந்திருக்கு, வயசானவங்களுக்கு முடியலை” என்பார்கள். உண்மையாகவே முடியாமல் போகலாம். மறுக்கவில்லை. அப்படியானால் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு, பெயரும் அட்ரஸும் உள்ள ஒரு மனிதரைத் தேடுங்கள். தடுப்பூசி அட்டையோடு கையில் ஒப்படையுங்கள். மாதம் ஒருமுறை போன் செய்து கேளுங்கள். வேலைக்காரியை மாற்றினால்கூட இதைவிட அதிகமாக விசாரிக்கிறோம்.

இன்னும் வாங்காதவர்களுக்கு, ஒரு காமர்ஸ்காரனின் கணக்கு. லேப்ரடார் 10 முதல் 12 வருஷம் இருக்கும். 12 வருஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நடை என்றால் 8,760 நடை. மழை, ஜுரம், தீபாவளி, கல்யாண நாள் எல்லாம் சேர்த்துத்தான். எங்கள் வீட்டு நோட்டுப்படி சாப்பாடு, ஊசி, டாக்டர் எல்லாம் சேர்த்து மாதம் சராசரி 4,000 ரூபாய். 12 வருஷத்துக்கு 5,76,000. நான் கொடுத்த 12,000 விலையே இல்லை, வெறும் டோக்கன் அட்வான்ஸ். இந்தக் கணக்கைப் பார்த்து நெஞ்சு அடைத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

வாங்கியே தீருவது என்றால், விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் பையனுக்குப் பின்னாலேயே ஓடியது. நாமும் அந்த நாய்க்குப் பின்னால் ஓடினோம். தட்டை மூக்கால் அந்த இனம் வெயிலில் மூச்சுக்குத் திணறும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைச் சென்னை மே மாதத்தில் மொட்டை மாடியில் கட்டிவைக்கிறார்கள். அது ஊளையிட்டால், ராத்திரியில் தொந்தரவு என்கிறார்கள். தாய் நாயைக் காட்டாதவரிடம், பதிவு எண் சொல்லாதவரிடம், 8 வாரத்துக்கு முன்னால் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். நாம் வாங்குவதால்தான் அங்கே ஈன வைக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே ஒரு தாய் ஐந்து குட்டி போட்டிருக்கும். அதில் ஒன்றை எடுத்து வாருங்கள். ஆனால், அதுவும் ஹாலில் போகும், அதுவும் செருப்பைக் கடிக்கும். நாட்டு நாய் என்பதால் டிஸ்கவுன்ட் எதுவும் கிடையாது.

*

சென்னை மாநகராட்சி 2025-ல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயம் ஆக்கியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. அரிசி அளவு சிப். தோலுக்கு அடியில் ஊசியில் போட்டுவிடுவார்கள். ரீடரை வைத்தால் ஒரு நம்பர் வரும். அந்த நம்பருக்குப் பின்னால் உங்கள் பெயர், உங்கள் அட்ரஸ். “நாய்க்கு எதுக்கு சார் ஆதார்?” என்று நிறைய பேர் கேலி செய்தார்கள். நாய்க்கு அது தேவையில்லைதான். அதன் வீடு எது என்று அதற்கு நன்றாகவே தெரியும். மறந்துபோவது நமக்குத்தான்.

வாசலில் நின்ற லேப்ரடாரை டாக்டரிடம் கூட்டிப்போய் ரீடர் வைத்துப் பார்த்தோம். சிப் இல்லை. ஐந்து வயது இருக்கும் என்றார். சி பிளாக்காரர் இப்போது என் போனை எடுப்பதில்லை. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் மாடியில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் அதை எடுத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடுகிறது, தூங்குகிறது. சாயங்கால வாக்கிங்கில் வெள்ளைக் காரைக் கண்டால் மட்டும் அந்த அம்மாவால் பிடித்து நிறுத்த முடியவில்லையாம்.

அடுத்த முறை உங்கள் ஆபீஸிலோ, கல்யாண வீட்டிலோ யாராவது ‘நாயைப் பண்ணை வீட்டுக்குக் கொடுத்துட்டோம், அங்க ஜாலியா இருக்கு’ என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். என் மகள் செய்ததைச் செய்யுங்கள். பேனாவை எடுங்கள்.

“அட்ரஸ் சொல்லுங்க சார். ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வர்றோம்.”